நம்மை மறந்தவர்களை நாம் மறவாதிருப்போம்



மரித்த ஆத்துமாக்களுக்காக மன்றாடும் நவம்பர் மாதம் இது. கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது என் தாயாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் கொஞ்சங்கொஞ்சமாய் அழியும் வியாதியிலே அவர்கள் மரித்தார்கள். முதலில் சாவி வைத்த இடம் மறந்தது; பிறகு அடுப்பில் ஏற்றிய உலை மறந்தது; கடைசியில் பெற்ற பிள்ளையும் மறந்துபோயிற்று. "சாமிக்கு எந்த ஊரு?" என்று என்னையே கேட்டார்கள். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்ட ஒரு நாள், நான் கடிந்து பேசிவிட்டேன். அவர்கள் அதையும் மறந்தார்கள், நான் மறக்கவில்லை.

இந்தச் சிலுவை அர்ச்சியசிஷ்டவர்களின் வீட்டிலும் இருந்தது. நாம் சிறுமலர் என்று அழைக்கும் அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாளின் தகப்பனார் லூயி மார்ட்டின், பிரான்சு தேசத்தில் கடிகாரத் தொழில் செய்தவர். 1888-ம் ஆண்டு தெரேசம்மாள் கார்மேல் மடத்தில் சேர்ந்த சில வாரங்களில், அவர் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். சில நாள் தேடி, வேறொரு பட்டணத்தில் கண்டுபிடித்தார்கள். 1889 பிப்ரவரியில் அவரைச் சித்த நோயாளிகளின் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. அப்போது தெரேசம்மாளுக்கு வயது 16. பெண்மக்கள் மடத்துக்குப் போனதால்தான் தகப்பனுக்குப் புத்தி கலங்கியது என்று ஊரார் பேசினார்கள். மூன்று வருஷத்துக்குப்பின் வீடு திரும்பிய அவரை, செலின் என்னும் மகள் 1894 ஜூலை 29-ல் அவர் மரிக்குமட்டும் பராமரித்தாள். அந்தத் தகப்பனாரையே 2015-ல் பிரான்சிஸ் பாப்பரசர் தம் மனைவியோடுகூட அர்ச்சியசிஷ்டராகப் பிரசித்தம் செய்தார். அறிவு மங்கியபோதும் ஆத்துமத்தின் மகிமை மங்கவில்லை.

இது பேயுமல்ல, சாபமுமல்ல, பிள்ளைகளின் பாவத்துக்குத் தண்டனையுமல்ல, மூளையின் வியாதி. 1906-ல் அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இதில் ஒரு வகையை விவரித்தார். நம் தேசத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இவ்வகை ஞாபகமறதி வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. முற்றும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் துவக்கத்திலேயே வைத்தியரிடம் காட்டினால் சில துன்பங்களைக் குறைக்கலாம்.

தகப்பனுக்கு அறிவு குன்றினாலும் பொறுத்துக்கொள், அவரை அவமதியாதே என்று சீராக் ஆகமம் மூன்றாம் அதிகாரம் போதிக்கிறது. ஆகையால் அப்படிப்பட்டவர்களை வெட்கப்பட்டு அறையில் பூட்டிவைக்காதீர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ வாரத்தில் ஒரு நாளாவது அயலார் ஓய்வு கொடுங்கள். மூடுபனி இறங்கும் மாலையில் நம் செண்பகனூர் மலைச்சாலையில் ஒரு முதியவர் திகைத்து நின்றால், யார் வீட்டார் என்று விசாரித்துக் கொண்டுபோய் விடுங்கள். நோயாளிக்குத் தேவநற்கருணை கொண்டுவர என்னிடம் சொல்லியனுப்புங்கள்.

என்னைப்போல் கடிந்து பேசி மனம் நோகிறவர்களே, கலங்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் அதை இறக்கிவையுங்கள். என் தாயார் என் பேரை மறந்த பிறகும், ஜெபமாலையைக் கையில் கொடுத்தால் பிரியதத்த மந்திரம் பிசகாமல் வரும். கடைசிமட்டும் என் கையை விடவும் மாட்டார்கள். அவர்கள் இழந்த ஞாபகமெல்லாம் சர்வேசுரனிடம் பத்திரமாயிருக்கிறது. மோட்சத்தில் அவர்கள் நம்மைப் பேர் சொல்லி அழைப்பார்கள். ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி