நேராக்கிக்கொண்டு வா

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் வாசல். காகிதக் கட்டுகள் ஏற்றிய டிராக்டரைப் பின்னால் எடுத்து, டிரெய்லரைக் கிடங்குக்குள் சேர்க்க ஓர் இளைஞன் திணறிக்கொண்டிருந்தான். பின்னால் போகும்போது ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்தால் டிரெய்லர் வலப்புறம் திரும்பும். வலப்புறம் போகிறதே என்று பதறி அவன் மேலும் இடப்புறமே ஒடித்தான். முழங்கை மடங்கினாற்போல் வண்டி மடங்கி நின்றுவிட்டது.

அவனுடைய மாமா அதட்டவில்லை. “திருப்பத் திருப்பக் கோணத்தான் செய்யும், மாப்பிளே. முன்னால போயி நேராக்கிக்கிட்டு வா” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தம்பியோடு மனத்தாங்கல் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதினேன். அந்த விளக்கத்துக்கு இன்னொரு விளக்கம். என் நியாயத்தை நான் திருத்தத் திருத்த, உறவுதான் மடங்கியது.

தவறிய இடத்திலேயே நின்று திருத்துவதுதான் நேர்மை என்று நினைத்திருந்தேன். எல்லாத் தவறும் அப்படி அல்ல. சிலவற்றுக்கு, வந்த தூரத்தையே விட்டுக்கொடுக்க வேண்டும். பார்ப்பவர்கள் அதைத் தோல்வி என்பார்கள். ஆனால் மடங்கிய வண்டி முன்னே இழுத்தால்தான் நேராகிறது.

இளைஞன் இருபதடி முன்னே போனான். மறுபடி மெல்ல மெல்லப் பின்னால் வந்தான். டிரெய்லர் வாசலுக்குள் நுழைந்தது.

அன்றிரவு நான் விளக்கம் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலை விருதுநகருக்கு, தம்பி வீட்டுக்கு, பஸ் ஏறினேன்.