தரகரும் புருஷகாரமும்

1017-இல் இராமானுசர் பிறந்ததாக வைணவ மரபு போற்றும் ஸ்ரீபெரும்புதூரில், அருகிலுள்ள ஒரகடம் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குபவர் தரகரை நாடலாமா என்ற கேள்வியை, அம்மரபின் 'புருஷகாரம்' என்னும் கோட்பாடு, அதாவது அடியாருக்காகத் திருமகள் இறைவனிடம் பரிந்துரைத்தல், ஆழப்படுத்துகிறது. திருமகளின் பரிந்துரை கூலி கேளாதது. தரகரோ சில வேளைகளில் இரு தரப்பிலும் கமிஷன் பெறுபவர் என்பதால், அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பதே முதன்மையான அறக்கேள்வி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுபெற்ற திட்டங்களின் விற்பனையில் ஈடுபடும் முகவரும் பதிவுபெற வேண்டும் என்கிறது. ஆனால் பரிவை எந்தப் பதிவேடும் வழங்காது. ஊரறிந்த தரகரின் துணை பயனுடையதே; எனினும் வில்லங்கச் சான்றையும், அதாவது சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் ஆவணத்தையும், முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரத்தையும் வாங்குபவரே வாசித்தாக வேண்டும், ஏனெனில் நாளை அங்கே குடியேறும் தொழிலாளிக்காக இப்பேரத்தில் பரிந்து பேச எவரும் இல்லை.