அளவுகோலில் அடங்காத எறும்பு

புனே நகரை அடுத்த போசரி தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்பது சிறிய அளவன்று. அவரது மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரையே நூறாகப் பகுத்துக் காட்டும். கடைந்தெடுத்த உருப்படியை அவர் கேஜில் வைத்துப் பார்ப்பார். பொருந்தினால் ஏற்பு, பொருந்தாவிடில் கழிவு. அங்கே அளவுகோலின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஆகுர்டியில், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மேற்கு மண்டல மையம் இருக்கிறது. சஹ்யாத்ரி மலைக்காடுகளின் பூச்சிகளை இனங்காண்போருக்கும் அளப்பதே தொழில். தலையின் அகலம், உணர்கொம்பின் கணுக்கள், தாடையின் பற்கள் என எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆயினும் முன்னோர் எழுதிவைத்த எந்த விவரிப்பிலும் அடங்காத பூச்சி ஒன்று வந்து சேருமானால், அதைக் கழித்துவிட முடியாது. விவரிப்பைத்தான் விரிவாக்க வேண்டும். தான் அறிந்ததற்குள் அடங்காத ஒன்றின் முன் மனிதன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் கிடைத்த நீல எறும்பு இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2022-இல் பெங்களூரின் அசோகா அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அக்காடுகளுக்குச் சென்றிருந்தனர். ஒரு மாலைப்பொழுதில், யிங்கு என்னும் சிற்றூரில் மாடுகள் நடந்து உண்டான செங்குத்தான பாதையோரம், பத்தடி உயரத்து மரப்பொந்தில் ஏதோ மின்னியது. மங்கிய வெளிச்சத்தில் உறிஞ்சுகுழாயால் இரண்டு பூச்சிகளைப் பிடித்தனர். பார்த்தால், எறும்புகள்! நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. உணர்கொம்பு, தாடை, கால்கள் நீங்கலாக உடல் பெரும்பாலும் உலோகப் பளபளப்புள்ள நீலம்.

நீல எறும்பை யார் கண்டார்கள், இது புதிய இனந்தான் என்று அங்கேயே சொல்லிவிட ஆசை எழும். ஆனால் நிறத்தை மட்டும் நம்புவதற்கில்லை. பூச்சிகளின் நீலம் பெரும்பாலும் சாயத்தால் அமைவதில்லை. மயிற்பீலியில் போல, நுண்ணிய அமைப்புகளில் ஒளி படுவதால் தோன்றுவது. ஆகவே ஆய்வாளர்கள் முக்கோணத்தை ஒத்த தலையையும், பெரிய கண்களையும், ஐந்து பற்கள் கொண்ட தாடையையும் பரிசீலித்து, அறியப்பட்ட உறவினங்களோடு ஒப்பிட்டனர். 2024-இல்தான் சஹனஸ்ரீ, அஸ்வஜ் புன்னத், பிரியதர்சனன் தர்மராஜன் ஆகியோர் ‘பாராபாராட்ரெகினா நீலா’ என்ற பெயரை வெளியிட்டனர். அப்பேரினத்தில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஒரு புதிய இனம் சேர்ந்தது 121 ஆண்டுகளுக்குப் பின்னர்.

இதுவரை மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் பெயர் பெற்ற அந்த எறும்புகள் உயிரோடு இல்லை. அரிசிமாவில் கோலமிட்டு எறும்புக்கு உணவளிப்பதை அறமாகக் கொண்ட மரபுக்கு இது உறுத்தாமல் போகாது. அறிவதற்காகக் கொல்லலாமா?

இரண்டு எறும்புகள்தானே என்பது மிக மோசமான விடை. சிறியது என்பதாலேயே ஓர் உயிர் மலிவாகிவிடாது. புகைப்படம் போதுமே என்பது நல்லெண்ணத்தில் பிறந்த விடை. எனினும் அவ்வளவு சிறிய உடலின் பற்களையும் மயிர்களையும் காட்டில் எடுத்த படம் தெளிவாகக் காட்டாது. நாளை ஒருவர் ஐயுற்றால் எடுத்துப் பார்க்க உடல் வேண்டும். ஆகவேதான் இடமும் நாளும் குறித்த சீட்டுடன் ஒரு மாதிரி காப்பகத்தில் வைக்கப்படுகிறது. ஒரு மரத்தை வெட்டிச் சாய்க்கும்போது பொந்தில் மடியும் எறும்புகளுக்கு அப்படி ஒரு சீட்டும் இல்லை. பிறர் செய்யும் பெருங்கொலையைக் காட்டிச் சிறுகொலை நியாயமாகிவிடாது என்பதும் உண்மையே. ஆயினும் தேவைக்கு மேல் எடுக்காமல், எடுத்ததற்குப் பொறுப்பேற்றுக் கணக்கு வைப்பவனையும், கொன்றதையே அறியாதவனையும் ஒரே தட்டில் வைக்க இயலாது.

பெயரிலும் ஓர் அறம் உண்டு. அந்த ஆய்வுக்குழு சென்றது, 1911–12-இல் ஆங்கிலேய அரசு ஆதி மக்கள்மீது ஏவிய தண்டனைப் படையெடுப்பின் தடத்தைத் தேடித்தான். நோயல் வில்லியம்சன் என்ற அதிகாரி கொல்லப்பட்டதற்கான பழிவாங்கல் அது. படையோடு அறிவியலாளர்களும் சென்றனர். அவர்களுள் ஒருவரான ஸ்டான்லி கெம்ப் அங்கு கண்டெடுத்த கண்ணற்ற வெல்வெட் புழுவின் அறிவியல் பெயரில் இன்றும் வில்லியம்சன் இருக்கிறார். அந்தப் புழுவுக்கும் அவருக்கும் என்ன உறவு? புதிய எறும்புக்கு வைத்த பெயரோ அதன் நிறம் மட்டுமே. ‘நீலா’ என்றால் தமிழருக்கும் மராட்டியருக்கும் பொருள் விளங்கும்.

அந்த நீலம் எறும்புக்கு எதற்கு உதவுகிறது, தன் இனத்தோடு பேசவா, பகையிடமிருந்து மறையவா என்று கண்டுபிடித்தவர்களே கேட்டிருக்கின்றனர். காப்பகத்தில் உள்ள உடலை எத்தனை முறை அளந்தாலும் இதற்கு விடை கிடைக்காது. யிங்குவில் அந்த மரத்தடியில் காத்திருந்து, உயிருள்ள எறும்புகள் வந்துபோவதைப் பார்த்தாக வேண்டும்.