பிறவிக் குறையும் வினைக் கோட்பாடும்

ஒரு வீட்டில் குழந்தை குறையோடு பிறந்துவிட்டால் உற்றாரும் ஊராரும் ஆறுதல் கூற வருகின்றனர். வந்தவர்களில் ஒருவரேனும், "எல்லாம் முன்வினைப் பயன்; என்ன செய்வது?" என்று சொல்லிவிட்டே எழுந்து செல்கிறார். அவர் தீய எண்ணத்தோடு அதைச் சொல்வதில்லை. நம் ஆகமங்கள் கற்பித்த உண்மையைச் சொன்னதாகவே கருதுகிறார். ஆனால் கேட்ட தாயின் உள்ளத்தில் அச்சொல் 'நீ செய்த பாவம்' என்றே பதிகிறது. வினைக் கோட்பாட்டை உயிர்நாடியாகக் கொண்ட நாம் அதனை இவ்வாறு பயன்படுத்துவது அறமாகுமா என்பதே நாம் இங்கு ஆராய விழையும் வினா.

குமரி மாவட்டத்தில் சிதறால் மலையைத் தரிசிக்கச் செல்வோர் பலர் அருகிலுள்ள திற்பரப்பு அருவிக்கும் சென்று வருவர். கல்வெட்டுகளில் திருச்சாரணத்து மலை எனக் குறிக்கப்படும் சிதறாலில், தீர்த்தங்கரர் திருவுருவங்களோடு குழந்தைகளைக் காப்பவளாகப் போற்றப்படும் அம்பிகா இயக்கியின் உருவமும் பாறையில் செதுக்கப்பட்டுள்ளது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவியார் அம்மலைப் படாரியாருக்குப் பொன் அணிகள் அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. திற்பரப்பிலோ கோதையாறு ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து வீழ்கிறது. அருவிக்கு மேலே ஆற்றுப்படுகை முழுவதும் ஒரே பாறையாகப் பரந்து கிடக்க, நீர் அதன்மேல் ஒரு திசை நோக்கி ஓடி வருகிறது. நம் உடல் கருவில் உருவான காலத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இத்தகைய நீரோட்டம் ஒன்று நிகழ்கிறது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது.

நம் உடலின் உயிரணுக்கள் பலவற்றின் மேற்பரப்பில் சிலியா எனப்படும் நுண்ணிய குற்றிழைகள் உள்ளன. அவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். மூச்சுக்குழலில் உள்ளவை ஓயாது அசைந்து சளியையும் தூசியையும் வெளியேற்றுகின்றன. சிறுநீரகக் குழல்களில் உள்ளவை அசையாமல் நின்று, சூழலின் குறிப்புகளை உணர்ந்து உயிரணுவுக்கு அறிவிக்கின்றன. கருவின் தொடக்க நாள்களில் உடலின் நடுக்கோட்டில் ஒரு சிறு குழி தோன்றுகிறது. அங்குள்ள குற்றிழைகள் சுழன்று, குழியிலுள்ள நீரை இடப்பக்கமாகச் செலுத்துகின்றன. இதயம் இடப்புறம் சாய்வதும் கல்லீரல் வலப்புறம் அமைவதும் இவ்வோட்டம் தரும் குறிப்பைப் பின்பற்றியே நிகழ்கின்றன.

இவ்வுண்மை படிப்படியாக வெளிப்பட்டது. 1933இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் கார்டாகனர், உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறி அமைந்த சிலருக்குத் தீராத சளியும் நுரையீரல் நோயும் இருப்பதை விளக்கினார். 1976இல் சுவீடன் நாட்டு அறிஞர் அஃப்செலியஸ், அத்தகையோரின் குற்றிழைகளில் அசைவைத் தரும் 'டைனின்' என்னும் புரதக் கரங்கள் இல்லாமையைக் கண்டார். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிக் கருவில் அந்நீரோட்டத்தையே கண்டனர். 2002இல் ஓட்டத்தைச் செயற்கையாக எதிர்த்திசையில் திருப்பியபோது உறுப்புகளின் அமைப்பும் திரும்பியது. இவ்வறிவுக்கு எலிக் கருக்கள் விலையாயின என்பதையும் நாம் சொல்லாமல் விடுதல் தகாது. உயிர்கள் இழந்து பெற்ற அறிவை உயிர்களை வதைக்கும் சொல்லுக்குத் துணையாக்காமல், துயர் தீர்க்கவே பயன்படுத்துவது நம் கடன்.

குற்றிழைகள் அசையாத கருவில் இதயம் எப்பக்கம் சாயும் என்பதற்கு வழிகாட்டி இல்லை; ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மாறி அமைகிறது. குற்றிழைக் குறைகளால் வரும் நோய்கள் வேறு பலவும் உண்டு. சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் நிறையும் பரம்பரை நோயும், பார்வை மங்கி, விரல்கள் மிகுந்து, உடல் பருக்கும் பார்டெட்–பீடில் நோயும் அவற்றுள் சில.

இங்கு நம் கோட்பாட்டை நினைவு கூர்வோம். எண்வகை வினைகளுள் நாம வினை உடலை அமைக்கிறது. அதன் பிரிவுகளுள் ஒன்றான நிர்மாண நாமம் உறுப்புகளை உரிய இடத்திலும் உரிய அளவிலும் அமையச் செய்வது என்று ஆசாரியர்கள் உரைத்தனர். இதைப் படித்தவுடன், 'குற்றிழையை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று பெருமை கொள்ளச் சிலருக்குத் தோன்றும். அது வேண்டாம். உடல் எவ்வாறு அமைகிறது என்பது அறிவியலின் வினா. இவ்வுயிர் இவ்வுடலை ஏன் அடைந்தது என்பது நம் நெறியின் வினா. மரபணுவும் குற்றிழையும் நிமித்தங்கள். நிமித்தத்தை அறிந்தவர் வினையை மறுக்க வேண்டியதில்லை. வினையை நம்புபவர் நிமித்தத்தைப் புறக்கணிக்க வேண்டியதுமில்லை. இரு நோக்கையும் அவற்றுக்குரிய இடத்தில் வைப்பதே அநேகாந்தம்.

அவ்வாறாயின் "முன்வினை" என்று சொன்னவர் செய்த பிழை யாது? மூன்று பிழைகள் உள.

முதலாவது, தன் வினையைத் தானே நுகர்வது உயிரின் இயல்பு. ஒருவர் வினையை மற்றொருவர் நுகர்வதில்லை என்பது நம் நெறியின் அடிப்படை. எனவே குழந்தையின் உடற்குறையைக் காட்டித் தாயைப் பழிப்பது, நம் சித்தாந்தத்தையே அறியாத பேச்சு. அறிவியலும் இப்பழியைத் துடைக்கிறது. இந்நோய்களுள் பலவற்றில் தாய், தந்தை இருவருமே குறையுள்ள மரபணுவின் ஒரு படியைத் தாம் அறியாமலே தாங்கியிருப்பர். இரண்டு படிகளும் ஒரு குழந்தையிடம் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதில் தாய்க்கென்று தனிப்பங்கு ஏதுமில்லை.

இரண்டாவது, எந்த உயிர் எந்த வினையால் எதை நுகர்கிறது என்று கண்டு கூற வல்லவர் கேவலஞானியே. நமக்குள்ள சிற்றறிவைக் கொண்டு பிறர் வினைக்கணக்கைப் படித்துச் சொல்வது, கல்லாதவர் கல்வெட்டைப் படிப்பது போன்றது.

மூன்றாவது, பிறருக்குத் துன்பமும் துயரும் அழுகையும் விளைப்பது நமக்கே அசாதா வேதநீயத்தைக் கட்டும் என்று நம் நூல்கள் எச்சரிக்கின்றன. ஆகவே வினையைப் பற்றி அந்தத் தாயிடம் பேசியவர், பேசிய அந்நொடியிலேயே தமக்கு ஒரு வினையைத் தேடிக்கொள்கிறார்.

'வினையென்றால் மருந்தெதற்கு?' என்று கேட்பாரும் உண்டு. மருந்து வீணென்றால் நான்கு தானங்களுள் ஔடத தானத்தை நம் முன்னோர் ஏன் வைத்தனர்? மூச்சுக்குழலில் தேங்கும் சளியை நாள்தோறும் உரிய பயிற்சியால் வெளியேற்றினால் நுரையீரல் நெடுங்காலம் காக்கப்படும். நீர்க்கட்டி நோயில் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு. இவற்றுக்கு உதவுவதும் ஔடத தானமே.

இறுதியாக, நம் சமூகத்தைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. நாம் சிறு தொகையினர். உறவுக்குள்ளேயே மணம் முடிப்பது நம்மிடையே பெருவழக்கு. ஒரே மூதாதையரிடமிருந்து வந்த குறையுள்ள மரபணு மணமக்கள் இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்குக் கூடுகிறது. குடும்பத்தில் இத்தகைய நோய் இருந்தால் மணப்பேச்சின்போது அதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சி மறைக்கின்றனர். மறைத்தல் வாய்மை நோன்புக்கு மாறானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மறைப்பவரை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. சொன்ன வீட்டை நாம் ஒதுக்குகிறோம். அதனால் அடுத்த வீடு சொல்ல அஞ்சுகிறது. பொய்யில் அவர்களுக்குப் பாதி என்றால் மறுபாதி நமக்குரியது. உண்மையைச் சொல்பவரைப் போற்றி ஏற்பதும், மணத்திற்கு முன் மரபணு ஆலோசனை பெறுவதை இழுக்காகக் கருதாமையும், நெருங்கிய உறவுமணத்தைத் தவிர்ப்பதும் இல்லறத்தார் மேற்கொள்ளத்தக்க அகிம்சையே ஆகும்.

திற்பரப்பில் நீராடுவோரில் யாருடைய இதயம் எப்பக்கம் துடிக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அருவி எல்லோர்மேலும் ஒன்றுபோல் வீழ்கிறது. இனி அத்தகைய வீட்டிற்கு நாம் செல்ல நேர்ந்தால், வினையைப் பற்றிய சொல்லை நம் தனிமைச் சிந்தனைக்கென வைத்துக்கொள்வோம். அந்தத் தாயிடம் கேட்பதற்கு வேறு கேள்வி உண்டு: "அம்மா, மருத்துவரிடம் எப்போது செல்ல வேண்டும்? நாங்களும் உடன் வருகிறோம்."

அறம் வளர்க!