அறியாமல் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாளி யார்?



தீங்கு செய்யும் எண்ணமே இல்லாத ஒருவரால் அயலவர் நோயுற்றால், அதற்கு அவர் பொறுப்பாளியா? ஞானோபதேச வகுப்பிலே படித்த விடை உங்களுக்கு நினைவிருக்கும். சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும். அறியாதவர்மேல் குற்றம் சுமத்துவதற்கில்லை. அது சரியான விடையே. ஆனால் நம் கடமையும் அந்த விடையோடு முடிந்துவிடுகிறதா? நோய் பரவும் முறையை ஆராயும் தொற்றுநோயியல் இக்கேள்வியை நமது கிணற்றடிக்கே கொண்டுவருகிறது.

நீர்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், கோப்பாயை அடுத்துள்ள ஊர். செம்மண்ணுக்கும் வாழைக்கும் பேர்போனது. அந்த வாழைக்கு நீர் கொடுப்பது கிணறுதான். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. மாரி மழை செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. மணல் நீரை வடித்துக் கொடுக்கும். சுண்ணக்கல்லின் பொந்துகள் அவ்வாறு வடிப்பதில்லை. ஆகவே ஒரு வளவின் மலசலகூடக் குழியில் இறங்குவது மற்றொரு வளவின் கிணற்றை அடையக்கூடும். சீதனமாகப் பிரிந்து பிரிந்து காணி இரண்டு பரப்பாகக் குறுகும்போது குழியும் கிணறும் நெருங்குகின்றன. மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது ஆபத்து மேலும் கூடுகிறது. இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் மிகுதியாகப் பதிவாகிவந்த மாவட்டங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

எந்தத் தொற்றுநோய்க்கும் மூன்று வேண்டும்: கிருமி வெளிப்படும் இடம், அது செல்லும் வழி, அதை ஏற்கும் உடல். மூன்றில் ஒன்றை அறுத்தால் சங்கிலி அறுந்துபோகும். நெருப்புக்காய்ச்சற் கிருமி மலத்தோடு வெளியேறி, நீரிலும் உணவிலும் கலந்து பிறர் உடலுக்குள் செல்கிறது. காய்ச்சல் தொடங்க ஒன்று இரண்டு வாரமோ, சில வேளை அதற்கும் மேலோ ஆகும். ஆகையால் எந்த நீரால் வந்தது என்று நோயாளிக்கே தெரிவதில்லை. யாரால் வந்ததென்பது இன்னும் தெரிவதில்லை.

1854 இல் இலண்டன் நகரின் புறோட் வீதிப் பகுதியில் கொலரா பரவி அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்துப் பார்த்து, வீதியிலிருந்த நீர்ப்பம்பியே காரணம் என்றார். அங்கிருந்த அங்கிலிக்கன் உதவிக் குரு ஹென்றி வைற்ஹெட் முதலில் அதை நம்பவில்லை. ஆனால் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது உண்மை அவருக்கே வெளியாயிற்று. பம்பிக்கு அருகிலிருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தால் வருந்தியது. தாய் அதன் துணிகளை அலசிய நீரை வீட்டுக் கழிவுக் குழியில் ஊற்றினாள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இருக்கவில்லை. குழந்தையும் இறந்துபோயிற்று. அந்தத் தாயை யார் குற்றம் சொல்வார்? எந்தத் தாயும் செய்வதையே அவளும் செய்தாள்.

இதற்கு மாறான கதையும் உண்டு. நியூயோர்க் நகரில் மேரி மலோன் என்ற சமையற்காரி, தான் நோயுறாமலே நெருப்புக்காய்ச்சற் கிருமியைச் சுமந்தவள். 1907 இல் அது கண்டறியப்பட்டு அவள் தனிமைப்படுத்தப்பட்டாள். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910 இல் விடுவிக்கப்பட்டாள். 1915 இல் வேறு பெயரில் ஒரு வைத்தியசாலையில் சமைத்துக்கொண்டிருந்தாள். அங்கே 25 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். 1938 இல் இறக்கும்வரை அவள் மீண்டும் தனிமையிலேயே வைக்கப்பட்டாள். அவளை மட்டும் பழித்துவிட்டுப் போவதும் நீதியாகாது. சமையலைப்போல் சம்பளம் தராத சலவை வேலைக்கு அவளை விட்டுவிட்ட சமூகத்துக்கும் அதில் பங்குண்டு.

இரு பெண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? ஒருத்திக்குச் சொல்லப்படவில்லை; மற்றவளுக்குச் சொல்லப்பட்டது. அறியாமையில் இருவகை உண்டு என்று திருச்சபை கற்பிக்கிறது: நீக்க முடியாதது ஒன்று, நீக்கக்கூடியது ஒன்று. கேட்டால் தெரிந்துகொள்ளக்கூடியதைக் கேளாமல் இருப்பது நம்மைக் குற்றத்திலிருந்து காக்காது. பூசையின் தொடக்கத்தில் கடமையில் தவறியதையும் பாவமென்று ஏற்றுக்கொள்கிறோமே, அது இத்தகைய மௌனங்களையும் சேர்த்துத்தான்.

அதே வேளை, பொறுப்பு வேறு, பழி வேறு. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் யார் செய்த பாவம் இது என்று கேட்டபோது, ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்கவில்லை என்று அருளப்பர் எழுதுகிறார். 2020 இல் கொரோனா வந்தபோது நம்மிடையே பலர் நோயாளியின் பெயரையும் ஊரையும் தேடி அலைந்தனர். பழிச்சொல்லுக்கு அஞ்சுபவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் பரவும். அதற்கும் முன்னர், தீட்டு என்று சொல்லிச் சிலரைக் கிணற்றுக்கட்டில் ஏறவிடாமல் தடுத்த காலமும் நமது மண்ணில் இருந்தது. கிருமிக்குச் சாதி தெரியாது. தடுத்தவர் குடித்ததும் தடுக்கப்பட்டவர் குடித்ததும் அதே சுண்ணக்கல்லுக்குள் இருந்த நீர்தான்.

நமது காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்படுவதை நீங்கள் அறிவீர்கள். உறுதியில் பெயர் இல்லாதவருக்கும் நமது கிணற்றில் பங்குண்டு என்பதே தொற்றுநோயியல் சொல்வது. ஆகவே மாரி தொடங்குமுன் உங்கள் குழியையும் கிணற்றையும் பாருங்கள். புதுக் குழி வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். அயல்வீட்டுக் கிணறு எங்கே என்றும் பாருங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தாமல் வைத்தியர் சொன்ன நாள்வரை எடுங்கள். வீட்டில் நோய் கண்டால் மறையாதீர்கள்; அயலில் கண்டால் தூற்றாதீர்கள். என் அயலான் யார் என்று கேட்ட சட்ட வல்லுநனுக்கு ஆண்டவர் சமாரியனைக் காட்டினார். நம் கிணற்று நீர் எதுவரை செல்கிறதோ அதுவரை நமக்கும் அயலார் இருக்கிறார்கள்.