கோவிலூரில் நின்று "கணக்கு வராது" என்று சொல்லாதே!

தம்பி, தங்கச்சி! "எனக்குக் கணக்கு வராது" என்று வேறு எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல். காரைக்குடிக்குப் பக்கத்தில், கோவிலூரில் நின்றுகொண்டு சொல்லாதே. இந்த மண் சிரிக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வட்டாரத்து நகரத்தார் வீட்டுப் பையன்கள், மீசை அரும்புவதற்கு முன்பே கப்பலேறினார்கள். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். 'கொண்டுவிற்கப் போவது' என்று அதற்குப் பெயர். போனவன் கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தான். எடுபிடி வேலை செய்தான், அன்றாட வரவுசெலவுச் சிட்டை எழுதினான், வட்டி போடக் கற்றான். பிறகு கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலையில் 'அடுத்தாள்' ஆனான். பிறகு பேரேட்டைக் கையில் வாங்கி, கடையின் இருப்பையும் கடனையும் காட்டும் ஐந்தொகை போட்டான். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களை எல்லாம் சிறுவயதிலேயே வாயால் சொல்லி மனத்தில் ஏற்றிய ஊர் இது.

அத்தனை பேரும் பிறவி மேதைகளா? இல்லவே இல்லை. உன்னைப்போல் விளையாட்டுப் புத்தி உள்ள பையன்கள்தான். ஆனால் அவர்களிடம் யாரும் "உனக்குக் கணக்கு வருமா?" என்று கேட்கவில்லை. வரும் என்றே வீடு நினைத்தது, கடை நினைத்தது. வரும்வரை உட்காரவைத்தது. அந்தக் கப்பல் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அறவே கொடுக்கவில்லை. ஆனால் இன்று உனக்குப் பள்ளி இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறது. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த 'வராது'?

உன் தலைக்குள் இருக்கும் தராசு

சொல்கிறேன், கேள். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியல் அறிஞர் 1986இல் ஓர் உண்மையை எடுத்து வைத்தார். மொழிப் பாடத்தில் நன்றாக மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்கிலும் நன்றாகவே எடுக்கிறார்கள். ஆனால் தங்கள் திறமையைப் பற்றி அவர்களுக்குள் இருக்கும் எண்ணம் அப்படி இல்லை. "நான் மொழிக்காரன், கணக்கு எனக்கு இல்லை", "நான் கணக்குக்காரி, இங்கிலீஷ் எனக்கு ஆகாது" என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஏன்? நாம் இரண்டு தராசில் நம்மை நிறுக்கிறோம். ஒன்று, பக்கத்து பெஞ்சில் இருப்பவனோடு. இன்னொன்று, நம்முடைய ஒரு பாடத்தை நம்முடைய இன்னொரு பாடத்தோடு. தமிழில் 92, கணக்கில் 74 எடுக்கிறாய். 74 என்பது வகுப்பில் பலர் எட்டாத மதிப்பெண்ணாக இருக்கலாம். ஆனால் உன் 92க்குப் பக்கத்தில் அது சிறுத்துத் தெரிகிறது. உடனே "கணக்கில் நான் வீக்" என்று முத்திரை குத்திக்கொள்கிறாய். உன்னுடைய ஒரு வெற்றியை வைத்தே உன்னுடைய இன்னொரு வெற்றியைத் தோல்வி ஆக்குகிறாய்! இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

பக்கத்து பெஞ்சோடு நிறுக்கும் தராசையும் பார். எட்டாம் வகுப்புவரை ஊர்ப் பள்ளியில் நீதான் முதல். ஒன்பதாம் வகுப்புக்குக் காரைக்குடியில் பெரிய பள்ளிக்குப் போகிறாய். இருபதாவது ஆகிறாய். மூளை அதேதான். நேற்றுத் தெரிந்தது இன்றும் தெரிகிறது. ஆனாலும் நம்பிக்கை நொறுங்கிவிடுகிறது. ஊருணியில் பெரிய மீனாக இருந்தது கண்மாய்க்கு வந்ததும் தன்னைப் பொடிமீன் என்று நினைத்துக்கொண்ட கதை இது. இதையும் மார்ஷ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மீன் சிறுக்கவில்லை, தம்பி. தண்ணீர் பெருத்திருக்கிறது. நீந்து!

2017இல் தமிழ்நாடு அரசு பொதுத் தேர்வுகளில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. ஆனால் "எத்தனாவது ரேங்க்?" என்று கேட்பதை நம் வீடுகள் நிறுத்தவில்லை.

தங்கச்சி, உனக்குத் தனியாக ஒன்று. உலகின் பல நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் 2012இல் நடந்த பீசா ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? ஆண் பிள்ளைகளுக்குச் சமமாகக் கணக்குப் போடும் பெண் பிள்ளைகள்கூட, தங்கள்மேல் குறைவாகவே நம்பிக்கை வைத்திருந்தார்கள். திறமை குறையவில்லை. ஊர் ஏற்றிய பயம்தான் கூடியிருந்தது. அந்தப் பயம் உன்னுடையது அல்ல. தூக்கி எறி!

நம்பிக்கை எங்கே விளைகிறது?

வெறும் வாயால் "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொன்னால் வந்துவிடாது. ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியல் மேதை 1977இல் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். அந்த நான்கையும் பெட்டியடிப் பையனின் வாழ்க்கையில் பொருத்திப் பார்.

முதல் ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம். அவனுக்குத் தினமும் ஒரு சின்ன வேலை, தினமும் ஒரு சின்ன வெற்றி. இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவன் செய்வதைப் பார்ப்பது. முன்னால் உட்கார்ந்திருந்த அடுத்தாள், ஒரு காலத்தில் இவனைப்போலப் பெட்டியடியில் இருந்தவன். மூன்றாவது, நம்பத்தக்கவர் சொல்லும் சொல். முதலாளி திட்டினாலும் தப்பைத் திருத்தித்தான் திட்டினார். "உனக்கு வராது, ஊருக்குப் போ" என்று சொல்லவில்லை. நான்காவது, உடம்பின் பதற்றம் அடங்குவது. நாள்தோறும் செய்த வேலைக்குக் கை நடுங்காது.

பெற்றவர்களே, ஆசிரியர்களே! "எனக்கும் கணக்கு வராது, அதுதான் பிள்ளைக்கும் வரவில்லை" என்று விருந்தாளி முன்னால் பெருமையாகச் சொல்கிறீர்களே, அது மூன்றாவது ஊற்றில் மண்ணைப் போடுகிற வேலை. நிறுத்துங்கள்!

பாடத்துக்குப் பாடம் வேலி எதற்கு?

பக்கத்துக் கோட்டையூரில் 1909இல் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம், எம்.ஏ. பிறகு லண்டன் போய்ச் சட்டம் படித்தார். விமானம் ஓட்டவும் கற்றார். "நான் இலக்கியம் படித்தவன், எனக்கு எதற்கு விஞ்ஞானம்?" என்று அவர் ஒதுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் தந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். ஆங்கில எம்.ஏ. ஒருவர் மின்வேதியியலுக்கு வாசல் திறந்த ஊர் உன் ஊர்!

இந்த ஊரில் வேதாந்தம் சொல்லித்தந்த கோவிலூர் மடத்தையே பார். வேதாந்தம் என்றால் வடமொழி தெரிந்தவருக்குத்தான் என்று பலர் ஒதுங்கி நின்றார்கள். இந்த மடம் கைவல்ய நவநீதம், ஞானவாசிட்டம் என்று தமிழ் நூல்களை வைத்து, தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கும் அதைப் பாடம் சொன்னது. வழி சரியாக இருந்தால், எட்டாது என்று நினைத்த பாடமும் எட்டும்.

இனி செய்ய வேண்டியது

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குரூப் தேர்ந்தெடுக்கிறாயா? பயந்து ஓடுவதற்காக ஒரு குரூப்பை எடுக்காதே. பிடித்து எடு. ஆர்ட்ஸ் குரூப் பிடித்திருந்தால் நெஞ்சை நிமிர்த்தி எடு. அது ஒளிந்துகொள்ளும் இடம் அல்ல.

பயப்படும் பாடத்தில் தினமும் அரை மணி நேரம் உட்கார். உன்னால் முடிகிற கணக்கில் தொடங்கு, அதைவிட ஒரு படி கடினமான கணக்கில் முடி. இந்த மாத மதிப்பெண்ணை உன் போன மாத மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிடு. நம்பிக்கை மதிப்பெண்ணை வளர்க்கும். அந்த மதிப்பெண் நம்பிக்கையை வளர்க்கும். இரண்டும் கைகோத்துத்தான் ஏறும்.

எல்லாப் பாடத்திலும் நூறு எடுப்பாய் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பாடமும் உனக்கு மூடிய கதவு அல்ல என்பதை அடித்துச் சொல்வேன். நாளைக்கு வகுப்பில் புரியாத இடம் வரும்போது தலையைக் குனியாதே. கையைத் தூக்கு. "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று உரக்கக் கேள். அந்தக் கேள்வியில் தொடங்கு உன் கணக்கை!