மாறாத இறைவனும் மாறாத அளவும்

உலகில் நிகழும் மாற்றங்கள் அனைத்துக்கும் அடியில் கூடாமலும் குறையாமலும் நிற்கும் ஏதோ ஓர் அளவு உண்டு என்ற எண்ணம், ஐரோப்பிய இயற்பியலில் ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்கவில்லை; இறைவனின் இயல்பைப் பற்றிய சிந்தனையிலிருந்து தொடங்கியது. பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டெக்கார்ட் 1644இல் வெளியிட்ட ‘மெய்யியலின் கோட்பாடுகள்’ என்ற நூலில், இறைவன் மாறாதவன் ஆதலால், படைப்பின்போது பருப்பொருளுக்கு அவன் அளித்த இயக்கத்தின் மொத்த அளவும் என்றும் மாறாது என்று வாதிட்டார். இன்று ஆற்றல் அழிவின்மை விதி என்று பள்ளிகளில் கற்பிக்கப்படுவதன் முன்னோடிகளுள் ஒன்று இந்த வாதம். இறைவனின் மாறாமையிலிருந்து இயற்கையின் விதி ஒன்றை வருவிக்க முடியுமா, அல்லது அந்த விதியைக் கொண்டு இறைவனைப் பற்றி எதையேனும் நிறுவ முடியுமா என்னும் இரட்டைக் கேள்விக்கு, அவ்வாதத்தின் பிற்கால வரலாறு தெளிவான விடை தருகிறது.

டெக்கார்ட் கருதிய அளவு, ஒரு பொருளின் பருமனை அதன் வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. அதனை மறுத்து 1686இல் ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் எழுதிய சிறு கட்டுரை, இன்று வேலை என்று வழங்கும் கருத்தின் மீது நிற்கிறது. ஒரு விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது வேலை. அந்த வேலை நடைபெறும் வீதமே திறன். எடையொன்றை மெதுவாக உயர்த்தினாலும் விரைவாக உயர்த்தினாலும் திறன் வேறுபடுமேயன்றி, எடையையும் உயரத்தையும் மட்டுமே பொறுத்த வேலை மாறுவதில்லை. எனவே ஓர் அலகு எடையை நான்கு அலகு உயரத்துக்கும், நான்கு அலகு எடையை ஓர் அலகு உயரத்துக்கும் தூக்குவதற்கு ஒரே அளவு வேலையே தேவை. இவ்விரண்டையும் கீழே விழவிட்டால், கலிலியோ கண்டறிந்தவாறு, நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழுவது இரண்டு மடங்கு வேகத்தையே பெறும்; டெக்கார்ட்டின் கணக்கில் முதலாவதற்கு 2 என்றும் மற்றதற்கு 4 என்றும் வருவதால் சமநிலை குலைகிறது. வேகத்துக்குப் பதிலாக அதன் வர்க்கத்தால் பெருக்கினாலோ, இரண்டுக்கும் 4 என்றே வருகிறது. லைப்னிட்ஸ் உயிர்விசை என்று பெயரிட்ட இவ்வளவின் பாதியே இன்றைய இயக்க ஆற்றல்.

மென்களிமண்ணில் உலோகக் குண்டுகளை விழச்செய்து டச்சு இயற்பியலாளர் கிராவெசாண்டே நடத்திய சோதனைகளிலும், குண்டு பதித்த குழி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே பெரிதாயிற்று. எமிலி டு சாத்தலே 1740இல் வெளிவந்த தம் இயற்பியல் நூலில் லைப்னிட்ஸின் அளவையே ஏற்று வாதாடினார். டெக்கார்ட், லைப்னிட்ஸ் இருவருமே இறைநம்பிக்கையாளர்கள். ஆயினும் மாறாத அளவு ஒன்று உண்டு என்று எதிர்பார்க்க வைத்த அந்நம்பிக்கை, அது எந்த அளவு என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னவை விழுந்த பொருள்களே.

இதைவிடக் கூர்மையான சமயச் சர்ச்சை 1715, 1716ஆம் ஆண்டுகளில் லைப்னிட்ஸுக்கும், நியூட்டனின் பக்கம் நின்ற சாமுவேல் கிளார்க் என்ற ஆங்கிலேய மதகுருவுக்கும் இடையே கடிதங்களில் நடந்தது. மென்மையான பொருள்கள் மோதும்போது இயக்கம் குறைவதைக் கண்ட நியூட்டன், உலகின் இயக்கம் தேய்ந்துகொண்டே போகிறது என்றும், அதைப் புதுப்பிக்கும் காரணிகள் தேவை என்றும் கருதினார். அவ்வாறாயின் இறைவன் தன் கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டிய குறையுள்ள கைவினைஞன் ஆகிவிடுவான் என்பது லைப்னிட்ஸின் மறுப்பு. தன் இடையறாத ஆளுகையின்றி எதுவும் நிகழாமல் இருப்பதே இறைவனுக்குப் பெருமை என்றும், தானே ஓடும் உலகுக்கு இறைவன் தேவையற்றுப் போவான் என்றும் கிளார்க் விடையளித்தார். மோதலில் மறைந்ததாகத் தோன்றும் விசை அழியாமல் பொருளின் நுண்பகுதிகளுக்குள் பரவிவிடுகிறது என்று கூறிய லைப்னிட்ஸ், பெரிய நாணயத்தைச் சில்லறையாக மாற்றுவதை அதற்கு உவமை காட்டினார். அந்தச் சில்லறையை எண்ணிக் காட்ட அவரிடம் வழியில்லை.

எண்ணிக் காட்டியவர் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். விழும் எடைகளால் நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதை அவர் மிகுந்த பொறுமையுடன் ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்துவதற்கு, ஒரு கிலோ எடை ஏறத்தாழ 427 மீட்டர் விழுந்து செய்யும் வேலை ஈடாகிறது என்பதே இன்றைய அலகுகளில் அவர் தேடிய விகிதம். 1847இல் மான்செஸ்டரின் புனித ஆன் தேவாலயப் படிப்பகத்தில் உரையாற்றியபோது, இறைவன் பருப்பொருளுக்கு அருளிய ஆற்றல்களை மனிதச் செயலால் அழிக்க முடியும் என்று நினைப்பது பொருந்தாது என்றே அவர் கூறினார். அவருடைய நம்பிக்கை உண்மையானது. அந்த விகிதத்தைத் தந்தது வெப்பமானி.

ஆயினும் நியூட்டனின் கவலையும் வீண் போகவில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், ஆற்றலைப் படைக்கவும் அழிக்கவும் படைப்பாற்றலுக்கு மட்டுமே இயலும் என்று 1852இல் எழுதியபோதே, வேலையாக மாற்றத்தக்க ஆற்றல் இயற்கையில் ஓயாமல் சிதறி வருகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். தேநீர்க்கோப்பையின் வெப்பம் அறைக்காற்றில் கலந்த பின்னும் ஆற்றலின் மொத்தம் குறையவில்லை. பயன்கொள்ளும் வாய்ப்பே குறைந்தது. அளவு நிலைக்கிறது என்றதில் லைப்னிட்ஸும், உலகம் தளர்கிறது என்றதில் நியூட்டனும் சரியாக இருந்தனர். ஆகவே எதிரெதிரான இறைக்கொள்கைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயற்பியல் உதவவில்லை.

அளவு ஏன் மாறுவதில்லை என்ற கேள்விக்கு 1918இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் எம்மி நோதர் தந்த தேற்றம் ஆழ்ந்த விளக்கம் அளித்தது. ஓர் அமைப்பின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருந்தால், அதிலிருந்தே ஆற்றல் மாறாமை கணிதமுறையில் பின்தொடர்கிறது. விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தால், டெக்கார்ட்டின் அளவைத் திசையோடு சேர்த்துத் திருத்திய உந்தம் மாறாததாகிறது. காலத்தால் மாறாத ஒன்றிலிருந்தே அளவின் மாறாமை பிறக்கிறது என்ற டெக்கார்ட்டின் வாத வடிவம் இங்கே மீண்டும் உயிர் பெறுகிறது. ஆனால் மாறாத இறைவன் இருந்த இடத்தில் மாறாத விதி நிற்கிறது.

இதைக் கண்டு, விதியை நிலைநிறுத்துபவன் இறைவனே என்று நம்புவோரும், இறைவன் இனித் தேவையில்லை என்று முடிவு செய்வோரும் தேற்றம் சொல்லாத ஒன்றையே அதன்மேல் ஏற்றுகின்றனர். அழிவின்மை விதி நிபந்தனையுடையது. வெளியிலிருந்து எதுவும் குறுக்கிடாத அமைப்புக்கே அது பொருந்தும். உலகம் அத்தகைய அமைப்புதானா என்பதை விதி தன்னளவில் சொல்வதில்லை; ஆகவே இறைச்செயலை மறுக்க அதைச் சான்றாக்குவது, மறுக்க வேண்டியதை முன்னரே இல்லையென்று கொள்வதாகும். மறுபுறம், ஆற்றலின் அழிவின்மையை இறைவனின் அல்லது ஆன்மாவின் நித்தியத்துக்குச் சான்றாகக் காட்டுவதும் நில்லாது. விரிவடையும் பேரண்டத்தில் தொலைவிலிருந்து வரும் ஒளி வழியில் ஆற்றல் குறைகிறது. அங்கே பேரண்டத்துக்கு முழுமையாக ஒரே மொத்த ஆற்றலை வரையறுப்பதே பொதுவாக இயலாததாகிறது. இத்தகைய எல்லையுடைய விதியின் மீது எல்லையற்றதை நிறுத்தினால், விதி திருத்தப்படும் நாளில் நம்பிக்கையும் சரியும்.

சமயம் அறிவியலுக்குச் செய்த உதவி இதனால் சிறுமைப்படுவதில்லை. கண்முன் மறைந்துபோன இயக்கம் எங்கோ இருந்தே ஆக வேண்டும் என்ற உறுதி இல்லாவிடில், நீரின் வெப்பநிலையில் ஒரு டிகிரியின் சிறு பின்னத்தை ஆண்டுக்கணக்கில் துருவும் பொறுமை எளிதில் பிறந்திராது. தேடத் தூண்டியது நம்பிக்கை. கிடைத்தது இதுவே என்று தீர்ப்பளித்தது அளவீடு. தூண்டுதலைச் சான்றாகக் கொள்ளும்போது அறிவியல் பிழைபடுகிறது. சான்றைத் தன் அடித்தளமாக இரவல் வாங்கும்போது சமயம் தன் தற்சார்பை இழக்கிறது. இவ்வேறுபாட்டைக் காப்பது இரண்டுக்கும் செய்யும் மரியாதை.